பேரு கெட்டுப் போச்சா? சவுத் ஆப்பிரிக்காவுல கிரெடிட் கார்டு வாங்குற வழி

"பிளாக்லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துத் தர்றேன், 1500 ராண்ட் ஆகும்னு ஒருத்தன் சொல்றான், குடுக்கலாமா தம்பி?"ன்னு வீட்டம்மாவோட அக்கா கேட்டாங்க. ஆடி மாசம், கோயில்ல கூழ் ஊத்திட்டு இருந்த நேரம், கையில சொம்போட நிக்கறேன். குடுக்காதீங்கக்கா, சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டு, சாட்ஸ்வொர்த்ல அவங்க கிச்சன் டேபிள்ல உக்காந்து ரெண்டு மணி நேரம் போனையும் பேப்பரையும் வச்சு நோண்டினோம். அப்புறம் இன்னும் நாலு பேரு இதையே கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்ற வாய் வலிக்கு எழுதியே வச்சிடலாம்னு தோணுச்சு.

நான் பேங்க் ஆளு இல்ல. டர்பன்ல ஒரு மசாலா கம்பெனிக்குக் கணக்கு எழுதறவன், ஊரு கும்பகோணம் பக்கம், 2011ல இங்க வந்தேன். என் பேரும் ஒரு தடவை கெட்டுச்சு, நானே போன் பண்ணிப் பண்ணி சரி பண்ணினேன், அந்த அனுபவம்தான் இது.

மொதல்ல அந்த பிளாக்லிஸ்ட். அப்படி ஒரு லிஸ்டே கிடையாது. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் மாதிரி கிரெடிட் பீரோக்கள் இருக்கு, நீங்க எங்கெல்லாம் கடன் வச்சீங்க, மாசாமாசம் கட்டினீங்களா இல்லையான்னு அவங்க கிட்ட பைல் இருக்கு, கட்டினதும் இருக்கும் கட்டாததும் இருக்கும். பேங்க்காரன் அந்த பைலைப் பார்த்துட்டு குடுக்கறான், இல்ல வேணாங்கறான், அவ்ளோதான். அதனால "பேர எடுத்துத் தர்றேன்"னு லாம்ப் போஸ்ட்ல நம்பர் ஒட்டி வச்சிருக்கறவன் செய்யறது எல்லாம் நீங்களே காசில்லாம செய்யக்கூடிய வேலை. உண்மையா இருக்கற பாக்கியை யாராலயும் அழிக்க முடியாது, தப்பா இருக்கறத நீங்களே அழிக்கலாம்.

அதனால கார்டுக்கு அப்ளை பண்றத ஒரு மாசம் தள்ளி வைங்க, ரிப்போர்ட்டை வாங்குங்க. நேஷனல் கிரெடிட் ஆக்ட், 2005 வருஷத்து 34ஆம் நம்பர் சட்டம், அதுல ஒவ்வொரு பீரோவும் வருஷத்துக்கு ஒரு தடவை உங்க ரிப்போர்ட்டை இலவசமா குடுக்கணும்னு இருக்கு. மூணுலயும் வாங்குங்க, ஏன்னா ஒரு கடைக்காரன் ஒண்ணுக்கு அனுப்பியிருப்பான், இன்னொண்ணுக்கு அனுப்பியிருக்க மாட்டான். அவங்க வெப்சைட்ல ஐடி நம்பர் போட்டா நீங்கதானான்னு பார்க்க சில கேள்வி கேப்பாங்க, பழைய அட்ரஸ், எந்தக் கடையில அக்கவுண்ட் இருந்துச்சு அப்படி. க்ளியர்ஸ்கோர் மாதிரி ஆப்லயும் ஸ்கோர் சும்மா பார்க்கலாம், ஆனா வெறும் நம்பரைப் பார்த்துட்டு ஐயோன்னு மூடிடாதீங்க. நம்பர்ல ஒண்ணும் இல்ல, கீழ இருக்கற வரிகள்லதான் எல்லாம் இருக்கு. பீரோவுக்கு பீரோ ஸ்கோர் அளவும் வேற, ஒண்ணுல வந்த நம்பரை இன்னொண்ணோட ஒப்பிட்டுக் குழம்ப வேணாம்.

அக்காவோட ரிப்போர்ட் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன், உங்களோடதைப் பார்க்கறப்போ புரியும். ஒரு பர்னிச்சர் கடை அக்கவுண்ட், மாசத்துக்கு ஒரு கட்டம், எல்லாத்துலயும் 0, 0, 0. சைபர்னா சரியா கட்டியிருக்காங்கன்னு அர்த்தம், அக்கா "ஐயையோ எல்லாம் சைபரா இருக்கே"ன்னு பதறிட்டாங்க, சைபர்தாங்கா நல்லதுன்னேன். அடுத்தது ஒரு செல்போன் காண்ட்ராக்ட், 0, 0, 0 அப்புறம் 1, 2, 3, அப்புறம் ஹேண்டட் ஓவர், அதாவது வசூல் பண்றவன் கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு. 1ன்னா ஒரு மாசம் பாக்கி, 2ன்னா ரெண்டு. இது யாருதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பையனுக்கு எடுத்துக் குடுத்தேன், அவன் கட்டறேன்னான்"னாங்க. கெட்ட பேரு பாதி இப்படித்தான் வருது நம்ம வீடுகள்ல, ஆடம்பரமா செலவு பண்ணி இல்ல, புள்ளைக்கு, தம்பிக்கு, மச்சானுக்குன்னு நம்ம ஐடியைக் குடுத்து. அதுக்குக் கீழ என்கொயரின்னு ஒரு பகுதி, பொண்ணு கல்யாணத்து சமயத்துல ஒரே வாரத்துல அஞ்சு இடத்துல லோன் கேட்டிருக்காங்க, அஞ்சும் பதிஞ்சிருக்கு. கடைசியா அவங்களுக்கே தெரியாத ஒரு துணிக்கடை அக்கவுண்ட் வேற.

இந்த நாலு வரிக்கும் நாலு வேற வேலை. எல்லாத்தையும் ஒரே மூட்டையா "என் ஸ்கோர் போச்சு"ன்னு கட்டிட்டா ஒண்ணும் நடக்காது.

தெரியாத அக்கவுண்ட்டுக்கு பீரோவுல டிஸ்ப்யூட், அதாவது இது என்னுது இல்லன்னு புகார் போடணும், காசு கிடையாது. 20 வேலை நாளுக்குள்ள அவங்க விசாரிச்சுப் பதில் சொல்லணும், கடைக்காரன் ஆதாரம் காட்ட முடியலன்னா எடுத்துடணும். ரெபரன்ஸ் நம்பரை வாங்கி எழுதி வைங்க, போன்ல பேசினாலும் இமெயில்ல ஒரு வரி போட்டுடுங்க. வேற யாராவது உங்க ஐடியை வச்சு அக்கவுண்ட் திறந்திருந்தா போலீஸ்ல ஒரு கேஸ் நம்பர் வாங்கறது நல்லது. பீரோ மசியலன்னா புகாரை விசாரிக்கற ஆம்பட்ஸ்மன் இருக்கு, முன்னாடி கிரெடிட் ஆம்பட்னு தனியா இருந்தது, 2024ல மத்த ஆம்பட்களோட சேர்ந்து நேஷனல் பைனான்ஷியல் ஆம்பட்னு ஒண்ணாயிடுச்சு, அதுவும் இலவசம்தான்.

உண்மையான பாக்கின்னா கட்டித்தான் ஆகணும், ஆனா கேக்கற தொகையை அப்படியே கட்டாதீங்க. இங்கதான் என் கதை. டர்பன் பக்கத்து பீனிக்ஸ்ல குடியிருந்தப்போ ஒரு துணிக்கடையில அக்கவுண்ட் திறந்தேன், வேலைக்காக பீட்டர்மாரிட்ஸ்பர்க் போயிட்டேன், லெட்டர் எல்லாம் பழைய வீட்டுக்குப் போயிருக்கு. நான் விட்டது 640 ராண்ட். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கலெக்டர், கடன் வசூல் பண்றவன், போன் பண்ணி 1900 கட்டுன்னான். நேஷனல் கிரெடிட் ஆக்ட்லயே 103ஆம் பிரிவு, உட்பிரிவு 5ன்னு ஒண்ணு இருக்கு: நீங்க கட்டாம விட்ட அன்னிக்கு அசல் எவ்ளோ பாக்கியோ, அதுக்கு மேல ஏறுற வட்டி, சர்வீஸ் பீஸ், இன்சூரன்ஸ், வசூல் செலவு எல்லாம் சேர்ந்து அந்த அசலைத் தாண்டக்கூடாது, பாக்கி நிக்கற வரைக்கும். அப்போ 640 எவ்ளோ ஏறினாலும் 1280தான். இதை ஒரு இமெயில்ல எழுதி கணக்கு விவரம் அனுப்புன்னேன். மூணு நாள் சத்தமே இல்ல, நாலாம் நாள் 1180க்கு செட்டில்மென்ட் லெட்டர் வந்துச்சு. லெட்டர் வந்தப்புறம்தான் கட்டினேன், கட்டினதும் பெயிட் அப் லெட்டரை, அதாவது கடன் முடிஞ்சுதுன்னு குடுக்கற லெட்டரை, கேட்டு வாங்கினேன். அந்த லெட்டரை பத்திரமா வைங்க, கல்யாணப் பத்திரிகையை விட முக்கியம்.

பணம் கட்டி முடிச்சா கடன் குடுத்தவன் 7 நாளுக்குள்ள பீரோவுக்குச் சொல்லணும், பீரோ அதுக்கப்புறம் 7 நாளுக்குள்ள அந்தக் கெட்ட லிஸ்டிங்கை எடுக்கணும். கட்டாட்டியும் அது ஆயுசுக்கும் இருக்காது. ஹேண்ட் ஓவர், ஸ்லோ பேயர் (லேட்டா கட்டறவன்) மாதிரி குறிப்பு 1 வருஷம், கோர்ட் ஜட்ஜ்மென்ட் 5 வருஷம், கட்டிட்டா அதுக்கு முன்னாடியே போகும். ஆனா அந்த 0, 1, 2 கட்டங்கள் இருக்கே, பேமென்ட் ப்ரொபைல், அது 5 வருஷம் நிக்கும், நல்லதும் கெட்டதும் சேர்ந்து. அதனால பாக்கியைக் கட்டின மறுநாளே ஸ்கோர் எகிறும்னு எதிர்பார்க்காதீங்க.

ரொம்பப் பழைய கடனா இருந்தா இன்னொரு விஷயம் பாருங்க. சாதாரணக் கடன், அதாவது கார்டு, துணிக்கடை, போன், இதெல்லாம் 3 வருஷத்துல காலாவதி ஆகும், 1969ஆம் வருஷத்து ப்ரிஸ்க்ரிப்ஷன் ஆக்ட். ஆனா அந்த 3 வருஷத்துல நீங்க ஒரு பைசா கட்டியிருக்கக்கூடாது, ஆமா என் கடன்தான்னு ஒத்துகிட்டிருக்கக்கூடாது, கோர்ட் சம்மன் வந்திருக்கக்கூடாது. ஜட்ஜ்மென்ட் ஆன கடனுக்கு 30 வருஷம், வீட்டு பாண்டும், அதாவது வீட்டுக் கடனும், அப்படியே. அதான் கலெக்டர் போன்ல "சும்மா ஒரு 50 ராண்ட் போடுங்க, நல்ல மனசு காட்ட"ன்னு கொஞ்சிக் கேப்பான். அந்த 50தான் கடிகாரத்தைத் திரும்ப மொதல்ல இருந்து ஓட விடும். 2015 மார்ச்சுல இருந்து காலாவதியான கடனை விக்கறதும் வசூல் பண்றதும் தப்பு, ஆனாலும் கேக்கறவன் கேக்கத்தான் செய்யறான். போன்ல எதுவும் ஒத்துக்காதீங்க, எழுத்துல அனுப்பச் சொல்லுங்க, கவுன்சில் பார் டெட் கலெக்டர்ஸ்ல பதிவு நம்பர் என்னன்னு கேளுங்க, பாதி பேரு அதோட போனை வச்சிடுவான். காலாவதி ஆயிடுச்சுன்னு உங்களுக்கே நிச்சயமா தெரியாம சண்டைக்கும் போகாதீங்க, தேதியை ரிப்போர்ட்ல பார்த்து எண்ணுங்க.

டெட் ரிவ்யூல, அதாவது கட்ட முடியாத கடனுக்கு டெட் கவுன்சிலர் மூலமா தவணையைக் குறைச்சு அமைக்கற சட்ட வழியில இருக்கறவங்க, இந்தப் பத்தியோட படிக்கறத நிறுத்திக்கலாம். அது ஓடற வரைக்கும் புதுக் கடன் எதுவும் எடுக்க முடியாது, கார்டும் சேர்த்துத்தான். எல்லாம் கட்டி முடிச்சு, வீட்டு பாண்ட் இருந்தா அதுல தவணை பாக்கி நிக்காம இருந்தாலே போதும், அந்தக் கவுன்சிலர் க்ளியரன்ஸ் சர்டிபிகேட் குடுக்கணும், பார்ம் 19ன்னு பேரு, அது பீரோவுக்குப் போனாத்தான் ரிப்போர்ட்ல இருக்கற டெட் ரிவ்யூ குறி போகும். சிலரைப் போன்லயே "உங்க இன்ஸ்டால்மென்ட்டைக் குறைச்சுத் தர்றோம்"னு சொல்லித் தலையாட்ட வச்சு உள்ள தள்ளிடறாங்க, ரிப்போர்ட்டைப் பார்க்கறப்போதான் தெரியும். டெட் ரிவ்யூ கெட்டதுன்னு சொல்ல வரல, மூச்சு முட்டறவங்களுக்கு அது நல்ல வழி, ஆனா தெரிஞ்சு போகணும்.

இப்போ ஊர்ல இருந்து புதுசா வந்தவங்க. உங்களுக்குக் கெட்ட பேரு இல்ல, பேரே இல்ல. சென்னையில உங்க சிபில் 800 இருந்தாலும் இங்க அது செல்லாக்காசு. டெபிட் கார்டுல வருஷக்கணக்கா தேய்ச்சாலும் ப்ரீபெய்டு போன்ல டாப்அப் போட்டாலும் பைல் வளராது, ஏன்னா அதுல கடனே இல்ல. எனக்கு பைல் ஆரம்பிச்சதே அந்தத் துணிக்கடை அக்கவுண்ட்லதான், கெட்டதும் அதுலதான். சின்ன துணிக்கடை அக்கவுண்ட், இல்ல சின்ன போன் காண்ட்ராக்ட், ஏதாவது ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு எடுத்து ஆறு மாசம் பிசகாம கட்டுங்க. பர்மிட் முடியறதுக்கு கொஞ்ச மாசம்தான் இருக்குன்னா பேங்க் தயங்கும், புதுப்பிச்சுட்டுப் போங்க.

சரி, ரிப்போர்ட் சுத்தமாயிடுச்சு, இல்ல சுத்தமாகிட்டு இருக்கு, ஆறு மாசம் ஒழுங்கா கட்டியாச்சு. இப்போ எங்க கேக்கறது? உங்க சம்பளம் விழற பேங்க்லதான் மொதல்ல. அவங்களுக்கு உங்க வரவு செலவு கண்ணு முன்னாடி இருக்கு, ஸ்கோர் கொஞ்சம் நொண்டினாலும் சமாளிக்கும். ஆப்ல "ப்ரீ-க்வாலிபைட்" மாதிரி ஏதாவது காட்டினா அதுல ஆரம்பிங்க. அஞ்சு பேங்க்ல ஒரே வாரத்துல போட்டுப் பார்க்கலாம்னு மட்டும் போகாதீங்க, ஒவ்வொரு அப்ளிகேஷனும் என்கொயரியா பதிஞ்சு 1 வருஷம் இருக்கும், பார்க்கறவனுக்கு "இவன் காசுக்கு அலையறான்"னு தோணும். அக்காவுக்கு ஆனது அதேதான். ஒண்ணு கேளுங்க, வேணாம்னா ரெண்டு மூணு மாசம் விட்டு அடுத்தது.

வேணாம்னு சொன்னா ஏன்னு எழுத்துல கேளுங்க, நேஷனல் கிரெடிட் ஆக்ட் 62ஆம் பிரிவுல உங்களுக்கு அந்த உரிமை இருக்கு, முக்கியக் காரணத்தைச் சொல்லியே ஆகணும். இதை யாரும் கேக்கறதே இல்ல. கேட்டா சில சமயம் ஆச்சரியமா இருக்கும், ஸ்கோர் காரணமாவே இருக்காது, அபோர்டபிலிட்டின்னு வரும். மூணு மாச பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வாங்கறதே அதுக்குத்தான், சம்பளத்துல வாடகை, சாப்பாடு, ஸ்கூல் பீஸ், இருக்கற கடன் எல்லாம் போக மிச்சம் என்னன்னு கணக்குப் போடச் சொல்லி சட்டமே இருக்கு. நம்ம ஆளுங்க பண்ற தப்பு, செலவைக் குறைச்சு எழுதிக் கார்டை வாங்கிடறது. பின்னாடி கட்ட முடியாம போறப்போ "சரியா விசாரிக்காமக் கடன் குடுத்துட்டான்"னு பேங்க் மேல சொல்ற வாய்ப்பும் போயிடும், உண்மையை எழுதுங்க.

பேங்க் வேணாங்குதுன்னா, பிக்ஸட் டெபாசிட் போட்டு அதை அடமானமா வச்சு கார்டு குடுப்பீங்களான்னு கேட்டுப் பாருங்க. 3000 போட்டா கிட்டத்தட்ட அவ்ளோதான் லிமிட், நம்ம காசை வச்சு நம்மளே கடன் வாங்கற மாதிரி கேலியா இருக்கும், ஆனா பைல்ல அது கிரெடிட் கார்டாத்தான் ஏறும்.

யாரு குடுத்தாலும் என்சிஆர் (நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டர்) பதிவு நம்பரைப் பாருங்க, கடன் குடுக்கறவனுக்கு என்சிஆர்சிபின்னு ஆரம்பிக்கும். "பிளாக்லிஸ்ட் ஆனவங்களும் வாங்க, மொதல்ல 800 அட்மின் பீஸ் போடுங்க"ங்கறவன் கார்டும் தர மாட்டான் காசும் தர மாட்டான். மஷோனிசா, அதாவது ஊருக்குள்ள வட்டிக்கு விடறவன், அவன் கிட்ட போறவங்களுக்கு ஒரு வார்த்தை: உங்க ஐடியையோ பேங்க் கார்டையோ அரசு உதவித்தொகை வர்ற சாசா கார்டையோ பின் நம்பரையோ அடமானமா வாங்கி வச்சுக்கறது சட்டப்படி குற்றம், யாரு கேட்டாலும் குடுக்காதீங்க.

கார்டு வந்தாச்சு. இங்கதான் பலரும் மறுபடி விழறாங்க, அதனால கணக்கைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க. கார்டு வட்டிக்கு உச்சவரம்பு, ரிசர்வ் பேங்க் வைக்கற ரெப்போ ரேட்டோட 14 சதவீதம் கூட்டினது. 2025 ஆகஸ்ட்ல ரெப்போ 7 இருந்துச்சு, அப்போ உச்சவரம்பு 21 சதவீதம், அதை வச்சே கணக்குப் போடறேன். ஸ்கோர் கெட்டவனுக்கு உச்சத்துலதான் போடுவான், மேல போட முடியாது. 5000 ராண்ட் பாக்கி வச்சிருக்கீங்கன்னு வைங்க. மாச வட்டி 87.50. சர்வீஸ் பீஸ் உச்சம் 60. கிரெடிட் லைப் இன்சூரன்ஸ் (நமக்கு ஏதாவது ஆனா கடனைக் கட்டறது) 1000க்கு 4.50 வரைக்கும், அது 22.50. மொத்தம் 170, வாட் வரியை நான் சேர்க்கவே இல்ல. மினிமம் பேமென்ட் 5 சதவீதம்னா 250 கட்டறீங்க, அதுல அசல்ல கழியறது 80. எண்பது ராண்ட்! அஞ்சாயிரத்துக்கு! மினிமம் கட்டிட்டேன்னு நிம்மதியா தூங்கறவங்களுக்கு இதை ஒரு தடவை பேப்பர்ல எழுதிக் காட்டினாப் போதும். இன்சூரன்ஸ்ல ஒண்ணு, உங்க கிட்ட ஏற்கனவே பாலிசி இருந்தா அதைக் காட்டி அவங்களோடத வேணாம்னு சொல்லலாம்.

அதனால கார்டு கையில வந்த அன்னிக்கே டெபிட் ஆர்டரை, அதாவது அக்கவுண்ட்ல இருந்து மாசாமாசம் தானா காசு எடுக்கற ஏற்பாட்டைப் பாருங்க. மினிமம் எடுக்கவான்னு ஒரு கட்டம், முழுசும் எடுக்கவான்னு ஒரு கட்டம், முழுசுல டிக் போடுங்க. தேதி சம்பளம் விழுந்த மறுநாள், 25ல சம்பளம்னா 26. டெபிட் ஆர்டர் பவுன்ஸ் ஆனா அதுக்கு ஒரு பீஸ், பைல்லயும் கறை. முழுசா கட்டினா பல கார்டுல 55 நாள் வரைக்கும் வட்டி கிடையாது, ஆனா ஒரு ராண்ட் மிச்சம் வச்சாலும் அந்தச் சலுகை போயிடும். ஏடிஎம்ல கார்டைப் போட்டுக் காசு எடுத்தா பொதுவா அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சுடும், எடுக்கவே எடுக்காதீங்க.

கடையில தேய்க்கறப்போ கேஷியர் "ஸ்ட்ரெயிட் ஆர் பட்ஜெட்?"னு கேக்கும். ஊர்ல இருந்து வந்த புதுசுல நான் பட்ஜெட்னா விலை கம்மி போலன்னு நினைச்சு பட்ஜெட்னுட்டேன், ஆறு மாசமான்னு கேட்டுச்சு, தலையாட்டிட்டேன், பட்ஜெட்னா தவணைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு குக்கருக்கு ஆறு மாசம் வட்டி கட்டினவன் நான். எப்பவும் ஸ்ட்ரெயிட்.

லிமிட்ல 30 சதவீதத்துக்கு மேல தொடாம இருந்தா ஸ்கோருக்கு நல்லது. 3000 லிமிட்னா 900. மாசாந்திர சாமான்ல ஒரே ஒரு விஷயத்தை இதுல போடுங்க, டால், எண்ணெய், மாவு, அப்படி எப்படியும் வாங்கப் போறது. ஆறு மாசம் ஆனதும் "லிமிட்டை ஏத்தட்டுமா"ன்னு மெசேஜ் வரும். நீங்க சம்மதிக்காம அவங்களா ஏத்த முடியாது, அப்ளிகேஷன்லயே வருஷாவருஷம் தானா ஏத்தலாமான்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போட்டிருந்தா அது வேற கதை, போடாதீங்க.

அக்காவுக்கு இதெல்லாம் சரியாகக் கொஞ்ச காலம் ஆச்சு. அந்தத் தெரியாத துணிக்கடை டிஸ்ப்யூட்ல போயிடுச்சு, போன் காண்ட்ராக்ட் பாக்கியை நாலு தவணையா கட்டி பெயிட் அப் லெட்டர் வாங்கினாங்க, அதுக்கப்புறம் ஏழு மாசம் எங்கயும் எதுவும் கேக்கல. சம்பளம் விழற பேங்க்லயே போன மார்ச்சுல கார்டு கிடைச்சுது, லிமிட் 2500. மசாலா டப்பா இருக்கற ஷெல்ப்ல ஒரு கவர்ல வச்சிருக்காங்க, பர்ஸ்ல வைக்கறதில்ல. பிளாக் ப்ரைடேக்கு ரெண்டு நாள் முன்னாடி பையன் வந்து ஹெட்போன் பாதி விலைக்கு வருது, கார்டைக் குடும்மான்னு நின்னானாம். அக்கா அந்தப் பெயிட் அப் லெட்டரை எடுத்து அவன் கையில குடுத்து, "இதைச் சத்தமாப் படி, அப்புறம் கேளு"ன்னாங்களாம். படிச்சுட்டுக் கேக்காமப் போயிட்டான்.